மில்லிமீட்டரும் என் மூன்று சக்கர வண்டியும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் சொல்லப்போகிற மனிதரை ஒருநாள் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். அவர் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

தெருவில் எல்லோரும் அவரை மில்லிமீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கதவு எவ்வளவு அகலம் என்று கேட்டால் மற்றவர்கள் கையை விரித்துக் காட்டுவார்கள். அவர் "எண்ணூத்திப் பன்னெண்டு மில்லிமீட்டர்" என்பார். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். மோட்டார்களுக்கும் லிஃப்டுகளுக்கும் கன்ட்ரோல் பேனல் செய்கிற ஒரு பெரிய கம்பெனியில் பதினோரு வருஷம் ஒயரிங் பார்த்துவிட்டு, பிறகு மாடிப்படிக்குக் கீழே இருக்கிற ஒரு அறையில் தனியாகக் கடை போட்டார். ஒரு ஆள் உள்ளே போனால் இன்னொரு ஆள் வெளியே வர வேண்டும், அவ்வளவுதான் இடம். ஆனால் சுவரில் ஒவ்வொரு ஸ்குரூ டிரைவருக்கும் ஒரு ஆணி, ஆணிக்குப் பக்கத்தில் அந்த ஸ்குரூ டிரைவரின் படம் பென்சிலில் வரைந்திருக்கும். எது காணோம் என்பது காலியாக இருக்கிற படத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

என் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வயதில் வந்த காய்ச்சலோடு என் இரண்டு கால்களும் போய்விட்டன. அதைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாள்களை அச்சடிக்கிற ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். ஒரு புள்ளி இடம் மாறினால் யாரோ ஒருவர் பத்து மடங்கு மருந்தைக் குடித்துவிடுவார். எனக்கு அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிக்கிற புத்தி இருக்கிறதே, அது பிறவியிலேயே வந்ததா, இந்த வேலையால் வந்ததா என்று என் அண்ணன் அடிக்கடி கேட்பான்.

வீட்டிலிருந்து அச்சகம் நாலு கிலோமீட்டர். பேட்டரியில் ஓடுகிற மூன்று சக்கர வண்டியில் போவேன், வருவேன். வண்டி நிற்கும் இடம் அச்சகத்துக்கு வெளியே, படிக்குக் கீழே. அங்கே சார்ஜ் போட வழி கிடையாது. இரவு வீட்டில் ஏற்றிய சார்ஜ்தான் மாலை திரும்பி வரும்வரை. அது எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று காட்ட வண்டியோடு வந்தது ஐந்து குட்டி விளக்கு. அந்த ஐந்தும் சேர்ந்து என் உயிரை வாங்கின. நாலு விளக்கு பச்சையாக எரிந்துகொண்டே இருக்கும். பாலத்தின் மேலே ஏறினால் மொத்தமும் அணைந்துவிடும். ஒரே மழைக்காலத்தில் இரண்டு தடவை அப்படி நடுப்பாலத்தில் நின்றேன். இரண்டு தடவையும் அண்ணன் தன் காய்கறி வேனை எடுத்துக்கொண்டு வந்து, என்னையும் வண்டியையும் தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் ஏற்றிக்கொண்டு போனான்.

இரண்டாவது தடவை அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி சொன்னான். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, வண்டியை ஓரங்கட்டிடலாம். நானே கொண்டு போய் விடுறேன், நானே கூட்டிட்டு வர்றேன்."

பாசத்தில்தான் சொன்னான். ஆனால் அவன் சந்தையிலிருந்து வர ஒன்பது மணி ஆகும். அச்சகத்தில் ஏழரைக்கு நான் நாற்காலியில் இருக்க வேண்டும். வண்டி ரிப்பேரில் இருந்த ஒரு பத்து நாள் அவனோடு போய்ப் பார்த்தவள்தான் நான். தினமும் காலையில் தாமதம்; சாயங்காலம் அவன் வரும்வரை அச்சக வாசலில் காவலாளியும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பதினொன்றாவது நாள் முதலாளி, "வீட்டுல இருந்தே பாக்குற மாதிரி ஏதாவது இருந்தா சொல்லி அனுப்புறேன்மா" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் உரை எழுதித் தர வேண்டியதில்லை. வண்டி போனால் வேலை போகும். வேலை போனால் நான் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, வீட்டில் எல்லோருக்கும் குறை சொல்லிக்கொண்டு காலத்தைத் தள்ள வேண்டியதுதான்.

அப்படித்தான் மில்லிமீட்டரிடம் போனேன். கடைக்குள் என் வண்டி நுழையாது என்பதால் அவர் வெளியே வந்து தெருவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஐந்து விளக்கையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது சார்ஜைக் காட்டலக்கா. நம்மள சமாதானப்படுத்துது" என்றார்.

அலுமினியத் தகட்டில் புதுசாக ஒரு பேனல் செய்து தருவதாகச் சொன்னார். சாவி, விளக்குச் சுவிட்ச், ஹாரன், ஃப்யூஸ், அவற்றுக்கு நடுவில் ஒரு சின்ன டிஜிட்டல் வோல்ட்மீட்டர். தீப்பெட்டி அளவுதான் இருக்கும், சிவப்பில் மூன்று எண் காட்டும். என் வண்டியில் இரண்டு பேட்டரி. நன்றாக ஏறியிருந்தால் இருபத்தைந்துக்கு மேலே காட்டும். இறங்க இறங்க எண்ணும் இறங்கும். "ஓடும்போது இருபத்து மூணுக்குக் கீழ வந்தா நிறுத்திடுங்க. அதுக்கு மேல ஓட்டினா பேட்டரி செத்துப் போயிடும்" என்றார்.

இரண்டு நாளில் முடியும் என்று நினைத்தேன். ஒன்பது நாள் ஆனது. தினமும் சாயங்காலம் போய் நின்று பார்ப்பேன். மீட்டருக்கான ஓட்டையை நாற்பத்தைந்தரைக்கு இருபத்தாறரை என்று ஊசியால் கீறி, நாலு மூலையிலும் துளை போட்டு, ரம்பத்தால் கோட்டுக்கு உள்ளேயே அறுத்து, மிச்சத்தை அரத்தால் தேய்ப்பார். இரண்டு இழுப்பு இழுப்பார், மீட்டரை வைத்துப் பார்ப்பார், எடுப்பார். மறுபடி இரண்டு இழுப்பு. முப்பது தடவை இருக்கும்.

"தம்பி, ரெண்டு மில்லிமீட்டர் பெருசா போனா என்ன, ஆடிட்டுப் போகட்டும். நான் என்ன கண்காட்சியிலயா வைக்கப் போறேன்" என்றேன்.

"ஆடினா தண்ணி போகும்கா" என்றார். அவ்வளவுதான் பேச்சு. கடைசியில் மீட்டரின் இரண்டு பக்கக் கொக்கிகளும் தகட்டைப் பிடித்தபோது 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. அந்த முகத்தில் அப்படி ஒரு திருப்தி. பிறகு என்னைத் திகைக்க வைக்கிற மாதிரி ஒரு காரியம் செய்தார். என்னைப் பக்கத்து நாற்காலிக்கு மாறச் சொல்லிவிட்டு, அவரே என் வண்டியில் ஏறி, என் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்து, பேனலை எந்தக் கோணத்தில் சாய்த்தால் வெயிலில் எண் தெரியும் என்று பார்த்தார். நாற்பது வருஷமாக என் வண்டிகளை எத்தனையோ பேர் ரிப்பேர் பார்த்திருக்கிறார்கள். அதில் உட்கார்ந்து பார்த்தவர் இவர் ஒருவர்தான்.

முதல் வாரம் ராணி மாதிரி போனேன். அச்சகத்தில் எல்லோரையும் வாசலுக்கு வரவழைத்து எண்ணைக் காட்டினேன். காவலாளி, "விமானம் மாதிரி இருக்கும்மா" என்றார்.

எட்டாவது நாள் சாயங்காலம் மேகம் இறங்கி, ஆறு மணிக்கே இருட்டு. பாலத்தில் ஏறும்போது விளக்கைப் போட்டேன். எதிரில் ஒரு லாரி, ஹாரனையும் அழுத்தினேன். எண்ணைப் பார்த்தால் இருபத்திரண்டு புள்ளி நாலு. மனம் கெட்டுவிட்டது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்கள். எனக்குக் கால் என்றைக்கும் ஓடாது, அன்றைக்குக் கையும் ஓடவில்லை. சொன்னபடியே ஓரமாக நிறுத்தினேன். அண்ணனுக்குப் போன் போட்டேன்.

வேனிலிருந்து வீட்டு வாசலில் வண்டியை இறக்கியதும் அவன் சாவியைத் திருப்பிப் பார்த்தான். இருபத்து நாலு புள்ளி ஆறு.

"நல்லா இருக்கிற வண்டியை நடு ரோட்டுல நிறுத்திட்டு என்னைக் கூப்பிட்டிருக்க" என்றான். சத்தம்கூடப் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். "போதும். இந்த மாசத்தோட வண்டி வேண்டாம்."

உள்ளே போய் மில்லிமீட்டருக்குப் போன் செய்தேன். நாக்கில் நரம்பில்லாமல் பேசினேன். ஓட்டைக்கு ஒன்பது நாள் தேய்த்தீரே, எண்ணுக்கு ஒரு நாள் செலவு செய்தீரா என்று கேட்டேன். உம்மை நம்பி என் பிழைப்பில் மண்ணைப் போட்டுக்கொண்டேன் என்றேன். "காலையில வர்றேன்கா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

காலை ஆறரைக்கு சைக்கிளில் வந்துவிட்டார். கையில் அவருடைய சோதனை மீட்டர். அதன் இரண்டு முனைகளையும் பேட்டரியின் மேலேயே வைத்துப் பிடித்துக்கொண்டு, என்னை விளக்கைப் போடச் சொன்னார். இரவு நான் சார்ஜ் போடாததால் அவர் கையில் இருபத்து நாலரை. பேனலில் இருபத்து நாலு. ஹாரனையும் அழுத்தச் சொன்னார். அவர் கையில் எண் அசையவே இல்லை; பேனலில் இருபத்து மூன்றரைக்கு விழுந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அன்றைக்கு ஞாயிறு, சந்தையும் இல்லை, அச்சகமும் இல்லை; அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். மில்லிமீட்டர் நேராக அவன் முன்னால் போய் நின்றார்.

"தப்பு என்னோடதுண்ணே. உள்ள ஒயர் கொஞ்சமா, அழகா இருக்கணும்னு மீட்டருக்குத் தனி ஒயர் இழுக்காம, விளக்கு ஒயர்லயே சேர்த்துட்டேன். சுவத்துல மாட்டுற பேனல்ல அப்படித்தான் செய்வோம். அங்க அரை வோல்ட், ஒரு வோல்ட் எல்லாம் யாரும் கண்டுக்க மாட்டாங்க. இங்க அது பாதி வழி. விளக்கு எரிஞ்சா அந்த ஒயர்ல குறையறதையும் சேர்த்து மீட்டர் குறைச்சுக் காட்டியிருக்கு. அக்கா நான் சொன்னதை அப்படியே செஞ்சாங்க. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தான். எங்கள் ஊர்ப் பக்கம் தொழில்காரர்கள் பேட்டரியைக் குறை சொல்வார்கள், ரோட்டைக் குறை சொல்வார்கள், கடைசியில் ஓட்டுகிறவளைக் குறை சொல்வார்கள். இப்படி நின்று தன் பேரைச் சொல்கிற ஆளை அவனும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. முந்தைய நாள் நான் திட்டிய திட்டெல்லாம் எனக்கே திரும்பக் கேட்டது.

"மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன்" என்றான் அண்ணன். அதற்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

அன்றைக்கே பேட்டரியிலிருந்து மீட்டருக்கு மட்டும் தனியாக இரண்டு ஒயர் இழுத்தார். பேட்டரிக்குப் பக்கத்தில் அதற்கென்று ஒரு குட்டி ஃப்யூஸ். மீட்டர் எந்நேரமும் எரிந்தால் அதுவே சார்ஜைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும் என்பதால் ஒரு பொத்தான் வைத்தார். அழுத்தினால் எண் தெரியும். நான் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் காலை ஆறேகால் மணிக்கு வாசலில் நிற்கிறார். ஒரு நோட்டு, காதில் ஒரு பென்சில்.

"எண்ணு சரியா காட்டுது. ஆனா எந்த இடத்துல எந்த எண்ணு வந்தா பயப்படணும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாதுக்கா. நடந்து பாத்துடலாம்."

என் வண்டி போகிற வேகம் ஒரு மனிதர் கொஞ்சம் விரசாக நடக்கிற வேகம். கடையைத் திறக்காமல் அவர் அச்சகம் வரை பக்கத்தில் நடந்தார். பேக்கரி திருப்பம், பள்ளிக்கூட மதில், பாலத்தின் அடி, பாலத்தின் உச்சி, பெட்ரோல் பங்க், அச்சகப் படி. ஒவ்வொரு இடத்திலும் "அழுத்துங்கக்கா" என்பார், எழுதிக்கொள்வார். சாயங்காலம் வந்து மறுபடி நடப்பார். ஒருநாள் விளக்குப் போட்டு, ஒருநாள் போடாமல். இப்படி ஐந்து நாள்.

பாலத்தின் ஏற்றத்தில் வண்டி முக்கும். இரண்டாவது நாள் பின்னாலிருந்து பஸ் ஹாரன் அடிக்க, நான் பதறி, "தம்பி, கொஞ்சம் தள்ளுங்களேன்" என்றேன்.

"தள்ளினா எண்ணு பொய்யாயிடும்கா" என்றார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து எல்லோரும் என்னைத் தள்ளியிருக்கிறார்கள். கேட்டும் தள்ளியிருக்கிறார்கள், கேட்காமலும் தள்ளியிருக்கிறார்கள். புண்ணியம் என்று முன்பின் தெரியாதவர்கள் சிக்னலில் வந்து தள்ளிவிட்டு, நான் போக வேண்டியிராத பக்கத்தில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். என் வேகத்தில் என் பக்கத்தில் நடந்தவர் யாரும் கிடையாது. அந்த ஏற்றத்தில் அழுகையை மறைக்க அவரிடம் சண்டை பிடிக்கிற மாதிரி ஏதேதோ கேள்வி கேட்டேன்.

அப்படித்தான் அவர் கதையும் கொஞ்சம் தெரிந்தது. கம்பெனியில் ஒரு நாளைக்கு நாலு பேனல் முடிக்க வேண்டுமாம். இவர் இரண்டு முடிப்பாராம். இவர் போட்ட ஸ்குரூக்களின் வெட்டு எல்லாம் நேர்க்குத்தாக ஒரே பக்கம் பார்த்து நிற்குமாம். மேலாளர் கூப்பிட்டு, மூடிய பெட்டிக்குள் அதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டாராம்.

"என்ன சொன்னீங்க?"

"ரிப்பேர் பண்ண வர்றவன் பாப்பான், ஒண்ணு திரும்பியிருந்தா அது லூஸ்னு தெரிஞ்சுக்குவான்னு சொன்னேன். அவர் சிரிச்சார். நான் வந்துட்டேன்." கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "வீட்டுல ஒரு வருஷம் என்கூடச் சரியா பேசலக்கா. இப்ப அவளே கடைக்கு வந்து ஒயருக்கு நம்பர் ஒட்டித் தர்றா" என்றார்.

இன்னொரு விஷயமும் சொன்னார். ஏற்றத்தில் விழுகிற எண்ணைக் கண்டு பயப்படக் கூடாது; பேட்டரி திணறும்போது காட்டுகிற எண் அது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மூச்சு விடவிட்டால் எண் ஏறும். அப்போது காட்டுவதுதான் உண்மையான மிச்சம்.

ஆறாவது நாள் எல்லாவற்றையும் ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதிக்கொண்டு வந்தார். ஒட்டுவதற்கு முன்னால் நான் வாங்கிப் பார்த்தேன். என் புத்தி போகுமா? பெட்ரோல் பங்கில் இருபத்து மூன்றரை என்பதற்கு இரண்டு புள்ளி மூன்று ஐந்து என்று எழுதியிருந்தார். சுட்டிக்காட்டினேன். காது சிவந்துபோய், தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் முழுவதையும் புதிதாக எழுதிக்கொண்டு வந்தார். அடித்துத் திருத்த அவருக்கு மனசு வராது.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருந்தது. மாலை அச்சகத்திலிருந்து கிளம்பி பாலத்தடிக்கு வந்தால், தண்ணீர்க் குழாய் உடைந்து பாலத்தை மூடியிருக்கிறார்கள். வாய்க்கால் ரோடு வழியாகத்தான் சுற்றிப் போக வேண்டும். மூன்று கிலோமீட்டர் கூடுதல். அந்த ரோடு தாளில் இல்லை. மழை வேறு பிடித்துக்கொண்டது.

அண்ணனைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் வருவான். அத்தோடு எல்லாம் முடிந்தது. போனைப் பையில் போட்டுவிட்டு வாய்க்கால் ரோட்டில் திருப்பினேன்.

பாதி வழியில் இருபத்து மூன்று புள்ளி ஒன்று. மூடியிருந்த ஒரு டயர் கடையின் கூரைக்குக் கீழே ஒதுங்கி, சாவியைத் திருப்பி எல்லாவற்றையும் அணைத்தேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். போகிற வருகிறவர்களில் இரண்டு பேர் நின்று, "தள்ளணுமாம்மா?" என்று கேட்டார்கள். "வேண்டாங்க, காத்துக்கிட்டிருக்கேன்" என்றேன். பன்னிரண்டு நிமிஷம் கழித்து அழுத்தினேன். இருபத்து மூன்று புள்ளி ஒன்பது. போகலாம். வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு கிளம்பினேன். வழியில் இன்னொரு தடவை நிறுத்தி மூச்சு விடவிட்டேன்.

வீட்டு வாசலில் அண்ணன் நனைந்துகொண்டு நிற்கிறான், வேன் சாவி கையில்.

"போன் பண்ணியிருக்கலாம்ல?"

"தேவைப்படல" என்றேன்.

அவன், "அந்த மில்லிமீட்டர் நம்பரைக் குடு" என்று வாங்கி, அவனே போட்டான். "நான்தான் பேசுறேன். என் தங்கச்சி வந்துட்டா. பாலம் மூடிட்டாங்க, வாய்க்கால் ரோடு சுத்தி வந்திருக்கா. ஆமா, தனியாத்தான்." சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினான்.

"நின்னீங்களாக்கா? எவ்ளோ நேரம்?" என்றார் மில்லிமீட்டர்.

"பன்னெண்டு நிமிஷம். அப்புறம் ஒரு எட்டு."

"சரியா செஞ்சிருக்கீங்க. நாளைக்கு அந்த ரோட்டையும் நடந்து எழுதிடலாம்."

"வேண்டாம் தம்பி. நின்ன இடத்துலயெல்லாம் எண்ணைப் பாத்து நானே எழுதிட்டேன்."

எனக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. தூக்கிவிட்டதற்கு, தள்ளிவிட்டதற்கு, வழிவிட்டதற்கு என்று வாழ்நாள் முழுக்க நன்றி சொல்லிச் சொல்லி எனக்கு அந்தச் சொல்லே கசந்து போயிருந்தது. அன்றைக்கு மழையில் நனைந்த சேலையோடு உட்கார்ந்து, மனசு நிறைந்து சொன்னேன். "ரொம்ப நன்றி தம்பி. அன்னைக்குத் திட்டினதுக்கு மன்னிச்சுக்கோங்க."

"திட்டலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதுக்கா" என்றார்.

போனை வாங்கிக்கொண்டு அண்ணன் உள்ளே போனான். துண்டு எடுத்து வந்து என் மடியில் போட்டான். சார்ஜர் ஒயரை அவனே இழுத்து வண்டியில் மாட்டினான். பிறகு தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டான்.

"காலையில எத்தனை மணிக்குக் கிளம்புவ? வேனை உன் வண்டிக்குக் குறுக்க நிறுத்தியிருக்கேன். நான் சந்தைக்குப் போறேனோ இல்லையோ, அதுக்கு முன்னாடியே எடுத்து உனக்கு வழி விட்டுடுறேன்."